எல்லாம் நளம்

பின் அறை
மார்ச் 4, செவ்வாய், காலை பத்து மணி

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறவை:

1. நான் ஏன் பின் அறைக்கு மாறினேன்
2. கயிறும் மணியும்
3. கை
4. வாய்
5. சாப்பாடு
6. பூ, மண், சவரம்
7. வருகிறவர்கள்
8. காய்ச்சல்
9. சந்தேகம்

பதினைந்து அடி தூரத்தில் படுத்திருப்பவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. சிரித்தால் வாய்ப்புண் இழுக்கும். உன்னால் பேச முடியவில்லை. எனக்குப் போனில் பாதி காதில் விழுவதில்லை. வேறு வழி தெரியவில்லை.

ஒன்று. நேற்று மாலை ஒரு தும்மல் போட்டேன். அது தூசியால் வந்ததா, சளியின் தொடக்கமா என்று எனக்கே முடிவு செய்யத் தெரியாமல் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்து சிஸ்டரிடம் கேட்டேன். "அது உங்க மூக்கு சார், உங்களுக்குத்தானே தெரியணும்" என்றார். இன்று காலைக்குள் மூக்கே பதில் சொல்லிவிட்டது. சளிதான். அது போகும்வரை நான் உன் அறைக்குள் வரக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு தட்டை உன் வாசலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

காரணம் உனக்கும் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். போன வாரம் ஏற்றிய கீமோ மருந்து உன் ரத்தத்தில் உள்ள கெட்ட அணுக்களைக் கொல்லும்போது கிருமிகளோடு சண்டை போடும் நல்ல வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. அவை மறுபடி முளைக்கப் பதினைந்தாம் தேதி வாக்கில் ஆகும் என்கிறார்கள். அதுவரை உன் உடம்பு காவலாளி இல்லாத வீடு. எனக்கு வெறும் சளியாக இருப்பது உனக்கு உயிர் விஷயம் ஆகலாம். இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன்.

இரண்டு. நம் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் முற்றத்தின் குறுக்கே துணிக் கயிறு ஓடுகிறது. அதில் சக்கரம் பொருத்தியிருக்கிறேன். கடிதத்தைக் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மறுபுறம் போய்விடும். உன் மேசையில் ஒரு மணியும் என் மேசையில் ஒரு மணியும் வைத்திருக்கிறேன். உனக்குப் பழக்கமான முறையே இருக்கட்டும்: ஒரு மணி அடித்தால் நில், இரண்டு அடித்தால் போகலாம்.

மூன்று. சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், மாத்திரையைத் தொடும் முன், கடிதத்தைத் தொட்ட பின், சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை கை கழுவு. நீ பஸ்ஸில் எண்ணிய வேகத்தில் எண்ணாதே.

நான்கு. மிருதுவான பிரஷ். உப்பும் சமையல் சோடாவும் கலந்து ஆறிய நீரில் ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளிக்க வேண்டும். வாய்ப்புண் கிருமிக்குத் திறந்த கதவு.

ஐந்து. பச்சையாக எதுவும் இல்லை. எல்லாம் நன்றாக வெந்தே வரும். "நன்றாக" என்றால் எவ்வளவு நிமிடம் என்று மருத்துவமனை கொடுத்த தாளில் இல்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கு வைத்திருக்கிறேன்.

ஆறு. அறையில் பூ கூடாது, தொட்டி மண் கூடாது, பிளேடால் சவரம் கூடாது. உனக்கு முடியே இல்லாததால் கடைசி விதி தானாகவே நிறைவேறுகிறது. மன்னித்துக்கொள், இது நகைச்சுவை.

ஏழு. யாரும் உன்னைப் பார்க்க உள்ளே வரக் கூடாது. வருகிறவர்களிடம் இது பணிவாகச் சொல்லப்பட வேண்டும். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் வாக்கியத்தை இப்போதே எழுதிப் பார்க்கிறேன்.

எட்டு. இதுதான் முக்கியம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை உடம்புச் சூட்டை அளந்து எனக்கு எழுதி அனுப்பு. முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் (பழைய கணக்கில் நூறு புள்ளி நான்கு) தொட்டால் அந்த நொடியே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். நீயாகக் காய்ச்சல் மாத்திரை போட்டு அதை அமுக்கக் கூடாது.

ஒன்பது. சந்தேகம் வந்தால் என்ன செய்வது? முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். ஆசிரியர் எழுதியதை ஒருமுறைகூட நானாக மாற்றியதில்லை. பிழை என்று தோன்றினால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். பதில் வரும்வரை காத்திருப்பேன். உன் விஷயத்திலும் அப்படியே. அவசரப்பட்டு நானாக எதுவும் செய்துவிட மாட்டேன் என்று நீ நிம்மதியாக இருக்கலாம்.

உன் அத்தான்


முன் அறை (சொகுசு வகுப்பு)
மார்ச் 5, புதன்

அத்தான்,

நான் நளம். நீங்களும் உங்க மூக்கும் நளமா?

முப்பது வருஷம் "உள்ளே போ, உள்ளே போ"ன்னு பஸ்ல கத்தின வாய் இது. இப்ப எச்சில் முழுங்கினா கண்ணாடித் துண்டை முழுங்குற மாதிரி இருக்கு. அதனால எழுதறேன். பத்தாவதுல தமிழ்ல நான் வாங்கினது முப்பத்தாறு மார்க். அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முட்டை விஷயம். இருபத்தி நாலு நிமிஷம் வேகவைக்கிறீங்க. கிறுமி செத்துடும், சரி. முட்டையும் சேர்ந்து ஏன் சாகணும்? காலையில கைதவறிக் கீழே விழுந்துது. உடையல அத்தான். எகிறுச்சு. ரெண்டு தடவை எகிறி கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. தரையில விழுந்ததைத் தின்னக் கூடாதுன்னு உங்க விதியிலேயே இருக்கும்னு விட்டுட்டேன். ரொம்ப நன்றி.

அப்புறம், உங்க லெட்டர் ஏன் சூடா வருது? மூலையெல்லாம் பழுப்பா இருக்கு. இஸ்திரி போட்டீங்களா? ஏழாவது பாயிண்ட்ல பாதி கருகிப் போச்சு. எனக்குப் படிக்க முடிஞ்சது "வருகிறவர்... கொல்லப்பட வேண்டும்"ங்கறது மட்டும்தான். உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு தெரியாம இத்தனை வருஷம் பழகிட்டேனேன்னு இருந்தது.

உங்க எட்டாவது பாயிண்ட்படி: காலை 36.6. மதியம் 36.9. மறுத்துவமனையில இருந்து வந்ததுக்கு இது நல்ல கலெக்‌ஷன்தான்.

உங்க மச்சான்
(ஓய்வுபெற்ற கண்டக்டர், தற்போது பயணி)


பின் அறை
மார்ச் 6, வியாழன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். மனம் நோகாதே, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. "நளம்" அல்ல, "நலம்". "கிறுமி" அல்ல, "கிருமி". "மறுத்துவமனை" அல்ல, "மருத்துவமனை". மூன்றாவதை அடிக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். உனக்குப் பச்சைக் காய் மறுத்தார்கள், பூவை மறுத்தார்கள், நண்பர்களை மறுத்தார்கள். நீ எழுதியது பிழைதானா என்று தெரியவில்லை. அதற்குக் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆம், இஸ்திரி போட்டேன். சூட்டில் கிருமி சாகும் என்று நினைத்தேன். நீ எழுதியதைச் சிஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். லைனில் ஏதோ கரகரத்தது. கோளாறோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். தாளுக்கு இஸ்திரி வேண்டாம், தொட்ட பின் கை கழுவினால் போதும் என்கிறார். முட்டைக்கும் பன்னிரண்டு நிமிடம் போதுமாம். கருகிய சொல் "சொல்லப்பட". தயவுசெய்து யாரிடமும் வேறு மாதிரி சொல்லிவிடாதே.

நேற்று உன் பழைய டிரைவர், நீங்கள் எல்லாரும் "பிரேக்" என்று கூப்பிடுகிறவர், வாசலுக்கு வந்தார். கையில் ரோஜாத் தொட்டி. பூ, மண் இரண்டும் ஒன்றாக! நான் கதவுக்குப் பின்னால் நின்று, பணிவாகச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவர் ஐந்து நிமிடம் அழைப்பு மணியை அடித்தார். பிறகு "உள்ள ஆள் இருக்கறது தெரியுது சார், செருப்பு வெளியில கிடக்கு" என்றார். வேறு வழியில்லாமல் திறந்தேன்.

"ரெண்டு நிமிஷம் அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால், உங்களை உள்ளே விடாமல் இருக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படிக் கேட்டா நான் என்ன சார் சொல்றது?" என்று தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தொட்டி பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, கை கழுவிவிட்டு வருகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவியதில் என் விரல்களில் வெடிப்பு வந்துவிட்டது. வெடிப்பிலும் கிருமி புகுமாம். களிம்பு தடவச் சொன்னார் சிஸ்டர். களிம்பைத் தொடும் முன் கை கழுவ வேண்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உன் அத்தான்


முன் அறை
மார்ச் 8, சனி

அத்தான்,

நான் நளம். காலை 36.7. மதியம் 36.8.

"உள்ளே விடாமல் இருக்கலாமா"! பிரேக் எனக்கு மெசேஜ் போட்டிருக்கான்: "உங்க அத்தான் என்னைத் துரத்தினாரா, விருந்துக்குக் கூப்பிட்டாரான்னு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் யோசிச்சேன்." அவனுக்கு யோசிக்கிற பழக்கமே கிடையாது. உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போகுது.

ரோஜா பூத்திருக்கா? என்ன நிறம்? அதையாவது எழுதுங்க. எழுத்துல வர்ற பூவுக்குக் கிறுமி கிடையாதே.

வாய் இன்னும் நெருப்பா எரியுது. சூப்பை ஆறவச்சு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறேன். நான் இந்தப் பக்கம் உறிஞ்சற சத்தத்துக்கு நீங்க அந்தப் பக்கம் தும்மறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கச்சேரி பண்ணலாம் போல.

அக்கா இருந்திருந்தா இந்தக் கயிறு, மணி எல்லாத்தையும் பாத்து ஒரு அதட்டல் போட்டிருப்பா. உங்களை இல்ல, என்னை. "அந்த மனுஷனை ஏன்டா இந்தப் பாடு படுத்தற?"ன்னு. எனக்கு வந்த நோய்க்கும் நான்தான் திட்டு வாங்கியிருப்பேன்.

எனக்குக் காய்ச்சல் வந்தா நிஜமாவே போன் பண்ணுவீங்களா, இல்ல டாக்டர் சாப்பிட்டு முடிக்கட்டும்னு நிப்பீங்களா?

மேல உள்ள வரியை அடிச்சிருக்கேன். படிக்காதீங்க.

உங்க மச்சான்


பின் அறை
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

ரோஜா மஞ்சள் நிறம். ஒரு பூ விரிந்திருக்கிறது, இரண்டு மொட்டு. ஓர் இலையின் அடியில் பூச்சி இருந்தது. அதனிடமும் பணிவாகத்தான் சொன்னேன்.

அடித்த வரியைத்தான் பிழை திருத்துகிறவன் முதலில் படிப்பான். அது தொழில் புத்தி. நீ கேட்டது நியாயம். அதற்காகவே போனில் சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். தொடக்கம் இது:

"வணக்கம். தங்கள் பணிக்கிடையே தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். தங்களுக்கு இது வசதியான நேரமா என்று அறியலாமா? இல்லையெனில் எப்போது அழைக்கலாம் என்று தெரிவித்தால்..."

மொத்தம் பதினான்கு வரி. காய்ச்சல் என்ற சொல் பதினோராவது வரியில் வருகிறது. கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி ஆகிறது. இன்னும் சுருக்கலாம் என்று தோன்றுகிறது. எந்த மன்னிப்பை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

உன் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தேன். இன்று முடியவில்லை.

சளி குறைந்திருக்கிறது. நேற்று ஏழு தும்மல், இன்று இரண்டு.

உன் அத்தான்


முன் அறை
மார்ச் 11, செவ்வாய், மதியம் 1.50

அத்தான்,

வெப்பம் 36.8.

எல்லாம் நலம். கிருமி எதுவும் இல்லை. மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

மச்சான்


(அதே தாளின் ஓரத்தில், சிவப்பு மையில்)

36.8 (?)

சரிபார்த்து எழுதவும். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அத்தான்
மதியம் 1.53


மறுத்துவமனை, ஆறாம் நம்பர் கட்டில்
மார்ச் 15, சனி

அத்தான்,

நான் நளம். இப்ப நிஜமாவே நளம். முந்தாநாள்ல இருந்து காய்ச்சல் இல்ல. வெள்ளை அணுவும் தலை காட்ட ஆரம்பிச்சாச்சு. "காலி பஸ்ல நாலு பேர் ஏறியிருக்காங்க"ன்னு டாக்டரே என் பாஷையில சொன்னார். வாய்ப்புண் வழியா கிறுமி ரத்தத்துக்குள்ள போயிடுச்சாம். வந்து சேர்ந்த அரை மணி நேரத்துல மருந்து ஏத்திட்டாங்க. "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா..."ன்னு சிஸ்டர் ஆரம்பிச்சாங்க. முடிக்காம அடுத்த மருந்து பாட்டிலை மாட்டினாங்க.

இப்ப ஒரு உண்மை. மிஷின்ல வந்தது 38.6. நான்தான் எட்டையும் ஆறையும் இடம் மாத்திப் போட்டேன். மறுபடி இந்தக் கட்டில்னு நினைச்சதும்தான் அப்படிச் செஞ்சேன். போன தடவை பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரில்ல, தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்றவர். ஒரு நாள் காலையில பார்த்தா அந்தக் கட்டில்ல வேற ஒருத்தர். எனக்கு வீட்டிலேயே இருக்கணும்போல இருந்துது அத்தான். அங்க எனக்காக ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து முட்டை அவிக்கிறார். மாலைக்குள்ள சரியாயிடும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நம்பரை மாத்தினா உங்களுக்கு எப்படித் தெரியும்னு நினைச்சேன். சோறு போட்ட தொழிலே உங்களுக்கு இதுதான்ங்கறது அந்தக் காய்ச்சல்ல மறந்து போச்சு.

உங்க கேள்விக்குறி ஜன்னல்ல வந்து ஆடினதைப் பார்த்தேன். நீங்க மணி அடிச்சதும் கேட்டுது. அதுக்குள்ள குளிர் தூக்கிப் போட ஆரம்பிச்சிடுச்சு. எழுந்து கயித்தைப் பிடிக்க முடியல.

மத்ததை சிஸ்டர் நடிச்சே காட்டினாங்க. இந்த வார்டுல மூணு நாளா இதுதான் சினிமா. நீங்க போன் பண்ணினப்ப அவங்க டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் எடுத்திருந்தாங்களாம்.

நீங்க: "வண்டி அனுப்புங்க!"

அவங்க: "என்ன சார் ஆச்சு? காய்ச்சல் எவ்வளவு?"

நீங்க: "தெரியாது! அவன் நலம்னு எழுதியிருக்கான்!"

அவங்க: "நலம்னா நல்லதுதானே சார்?"

நீங்க: "சரியா எழுதியிருக்கான்மா! லகரம் போட்டு எழுதியிருக்கான்! கிருமிக்குச் சின்ன ர போட்டிருக்கான்! ஒரு பிழைகூட இல்ல! அவனுக்கு உடம்பு சரியில்ல!"

அவங்களுக்கு ஒண்ணும் புரியல. "சார், கொஞ்சம் நிதானமா..."ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்கு நீங்க "நிதானமா இருந்து ஒருத்தியை விட்டுட்டேன்! சாப்பாட்டை அப்புறம் சாப்பிடலாம், சீக்கிரம் வாங்கடா!"ன்னு கத்தினீங்களாம். அந்த முதல் வாயை அப்படியே டப்பாவுல போட்டுட்டு வண்டிக்குச் சொன்னாங்களாம். பதினாலு வரி என்ன ஆச்சு அத்தான்? ஒரு மன்னிப்புகூட இல்லையே.

இப்ப என்கிட்டயும் ஒரு சிவப்பு பேனா இருக்கு. சிஸ்டர் கொடுத்தாங்க. ஒரு பெண்மணியைப் பார்த்து "வாங்கடா"ங்கறது ஒருமையா, பன்மையா, மரியாதையா, அவமரியாதையா? ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கேன். சரிபார்த்து எழுதவும்.

அப்புறம் நீங்க என் அறைக்குள்ள வந்ததும் ஞாபகம் இருக்கு. மழைக்கோட்டு, பாத்திரம் கழுவுற கையுறை, ரெண்டு முகக்கவசம். யாரோ நிலாவுல இருந்து இறங்கி வந்துட்டாங்கன்னு நினைச்சேன். நிலாக்காரர் தெர்மாமீட்டர் பட்டனை அமுக்கிப் பழைய நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவர் போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டார். அவ்வளவுதான்.

அக்கா விஷயத்துல நான் உங்களை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. வாயால சொன்னதில்ல. மனசுல சொல்லலைன்னு எழுதினா அதுவும் எட்டையும் ஆறையும் மாத்திப் போடற மாதிரிதான். இப்ப அது இல்ல. நீங்க நம்பணும்னுதான் இந்த லெட்டர் முழுக்க என் எழுத்துலேயே எழுதியிருக்கேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விடறாங்களாம். ரெண்டு மணி அடிங்க.

உங்க மச்சான்


பின் அறை
மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைத் திருத்தவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். "வாங்கடா" எந்த இலக்கணத்திலும் சேராது. சிஸ்டரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நேற்று வார்டு வாசல்வரை வந்தேன். சளி போய் ஐந்து நாள் ஆகியும் உள்ளே வரப் பயம். அவரே வெளியே வந்து "வாங்கடா" என்று வரவேற்றார். ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிழித்த நான்கு தாளில் இருந்ததை இப்போது எழுதுகிறேன். அன்றும் மதியம்தான். உன் அக்கா சோபாவில் உட்கார்ந்து "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குங்க" என்றாள். "ஒரு மாதிரி என்றால்? வலிக்கிறதா, அடைக்கிறதா?" என்று கேட்டேன். டாக்டரிடம் சரியான சொல்லைச் சொல்ல வேண்டுமே என்று. "தெரியலையே" என்றாள். யோசித்துச் சொல் என்றேன். மணி ஒன்றரை, டாக்டர் சாப்பிடும் நேரம். இரண்டு மணிக்கு அழைக்கலாம், அதற்குள் சொல் கிடைத்துவிடும் என்று காத்திருந்தேன். இரண்டு மணிக்கு அழைத்தேன்.

அந்த அரை மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆறு வருடமாக அந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. பதில் எழுத வேண்டியவள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் சீட்டு வந்தபோது எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் பேனா நின்றிருந்தது. மை சற்றுத் தடித்திருந்தது. அது ஒரு சிறிய சந்தேகம்தான். விதிப்படி கேள்விக்குறி போட்டு அனுப்பினேன், மணி அடித்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். தாள் உன் ஜன்னலில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நீ எடுக்கவில்லை. அப்போதுதான் சீட்டில் இருந்த மற்றச் சொற்கள் மனதில் ஓடின. நலம். கிருமி. மருத்துவமனை. மூன்றும் சரி. என் வேலையில் பிழையில்லாத தாளைப் பார்த்தால் நிம்மதி வரும். வாழ்க்கையில் முதல் முறையாகப் பயம் வந்தது. நீ ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, கவனமாக எழுதியிருந்தாய். இத்தனை கவனமாக எழுதுகிற மனிதன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது.

மணியைப் பார்த்தேன். சரியாக இரண்டு. சாப்பாட்டு நேரம். பதினான்கு வரித் தாள் கையில்தான் இருந்தது. அதன்மேல் கண் போகவே இல்லை. பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். பிரேக்கும்கூட வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்காமல், கை கொடுத்துவிட்டுப் போனார். (உடனே கழுவிக்கொண்டேன்.) ஆனால் யாரும் எண்ணாத ஒன்றை நான் எண்ணியிருக்கிறேன். நான் கேள்விக்குறி போட்டது 1.53. போனை எடுத்தது 2.00. நடுவில் ஏழு நிமிடம் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ பதினைந்து அடி தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாய். அரை மணி ஏழு நிமிடமாகக் குறைந்திருக்கிறது. அதுவும் ஏழு நிமிடம் அதிகம்தான்.

உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் அந்த முட்டை கிடைத்தது. கீறல்கூட இல்லை. ரோஜாவில் இரண்டாவது மொட்டும் விரிந்துவிட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கும், நான் எழுதி அனுப்புகிறேன். கயிற்றுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். உனக்கு வாய் ஆறினாலும் கயிறு இருக்கட்டும் என்று நினைக்கிறேன். பேச்சில் எனக்கு எழுத்து தெரிவதில்லை.

ஒரு வேண்டுகோள். இனி நீ எப்போதும் "நளம்" என்றே எழுது. அதைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

நான்காம் தேதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எட்டுக் குறிப்புகள், முட்டையின் நிமிடத்தைத் தவிர, அப்படியே நிற்கலாம். ஒன்பதாவது தவறு. அதைக் குறுக்கே அடித்துவிட்டேன். கேள்விக்குறி போடவில்லை.

உன் அத்தான்